ஏக்கர் பிறந்த ஊருக்கு

முதல் நாள்: பேட்டில்

30 வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடங்கல், சிட்டா, அ பதிவேடு, புல வரைபடம் என்று காகிதத்தோடேயே காலம் போனது. ஏக்கர், செண்ட் என்ற வார்த்தைகளை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். லண்டனில் மகள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பேரன் கேட்டான்: "தாத்தா, ஒரு ஏக்கர்னா ஏன் அவ்வளவு? யார் சொன்னது?" எனக்குப் பதில் தெரியவில்லை. இது இந்த ஊர் அளவுதானே, இங்கேயே தேடிப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பியதுதான் இந்தப் பயணம். தேடப் போனால் அது நேராக நிலப்பிரபுத்துவத்தில் கொண்டுபோய் விடுகிறது. அந்த வார்த்தையை நாம் மேடைப் பேச்சில் கேட்டிருக்கிறோம், திட்டுவதற்குப் பயன்படுத்தியிருக்கிறோம். அதற்குள் கணக்கு எப்படி நடந்தது, யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பேட்டில் வந்துவிடுகிறது. சண்டை என்பதே ஊரின் பெயர். 1066 அக்டோபர் 14 அன்று நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்த வில்லியம், இங்கிலாந்து ராஜா ஹரால்டை இந்தச் சரிவில்தான் தோற்கடித்தான். ஹரால்டு விழுந்த இடத்தில் மடத்துக் கோயிலின் பீடம் வரவேண்டும் என்று வில்லியம் கட்டளையிட்டானாம். கோயில் இடிந்துவிட்டது, புல்தரையில் ஒரு கல் மட்டும் கிடக்கிறது. சரிவில் இறங்கி ஏறிப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. மேலே கேடயத்தை வரிசையாகப் பிடித்து நின்றவர்களை நோக்கிக் கவசம் போட்ட குதிரைப்படை இந்த மேட்டில் ஏறியிருக்கிறது.

அந்தக் குதிரைதான் கதைக்கு ஆரம்பம் என்று எனக்குப் படுகிறது. ஒரு குதிரை வீரனை உருவாக்க எவ்வளவு செலவு என்று யோசித்துப் பாருங்கள். போர்க்குதிரை, அதற்கு மாற்றுக் குதிரை, இரும்பு வளையத்தில் பின்னிய கவசம், சின்ன வயதிலிருந்து பயிற்சி, கூட ஓர் உதவியாள். ராஜாவிடம் அவ்வளவு காசு கிடையாது, மாதம் பிறந்தால் சம்பளம் போடும் அலுவலகமும் கிடையாது. இருந்தது நிலம் ஒன்றுதான். அதனால் சம்பளத்தை நிலமாகக் கொடுத்தான். நம் ஊரில் தலையாரிக்கும் கோயில் ஊழியருக்கும் ஊழிய மானியம் என்று ஒரு துண்டு நிலம் இருந்ததைப் பழைய பதிவேடுகளில் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிறவரைக்கும் நிலம். அந்த ஒரே யோசனையை ஒரு நாடு முழுக்க விரித்தால் எப்படி இருக்கும்? வில்லியம் செய்தது அதுதான். ஜெயித்த கையோடு நாட்டு நிலம் முழுவதும் தன்னுடையது என்றான். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே வைத்துக்கொண்டு, கால் பங்கு போலத் திருச்சபைக்கு விட்டு, மிச்சத்தைத் தன்னோடு வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். யாருக்கும் விற்கவில்லை, தானமாகவும் தரவில்லை. இத்தனை குதிரை வீரர்களோடு வருஷத்துக்கு 40 நாள் எனக்காக வரவேண்டும், அதுவரை அனுபவித்துக்கொள் என்பதுதான் ஏற்பாடு.

வாங்குகிறவன் மண்டியிட்டு, கூப்பிய கைகளைப் பிரபுவின் இரு கைகளுக்குள் வைத்து "நான் உங்கள் ஆள்" என்று சொல்லவேண்டும். அப்படியே அந்த வார்த்தைதான். லத்தீனில் மனிதன், ஆள் என்பதற்கு உள்ள ஹோமோ என்ற சொல்லிலிருந்துதான் அந்தச் சடங்குக்கே பெயர் வந்தது. தமிழில் "அவர் யாரோட ஆள்?" என்று கேட்கிறோமே, அதே பொருள்.

இந்த மடத்துக்கும் நிலம் உண்டு. பீடத்திலிருந்து நாலாபக்கமும் ஒன்றரை மைல் தூரத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் மடாதிபதி வைத்ததுதான் சட்டம். நிலத்தோடு சேர்த்து நீதி சொல்லும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு இங்கே வந்துதான் உறைத்தது. நம் பட்டாவில் நிலம் மட்டும்தான் இருக்கும், அந்த நிலத்தில் இருக்கிற மனிதர்களின் வழக்கு அதில் வராது. இங்கே வந்தது.

இரண்டாம் நாள்: கியூ

இன்று தேசிய ஆவணக் காப்பகம். தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில் பெரிய கட்டடம், முன்னால் குளம். வில்லியம் நாடு முழுக்க எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே புத்தகம் இங்கேதான் இருக்கிறது. அசலைப் புரட்டிப் பார்க்க என்னைப் போன்ற ஆளுக்குத் தரமாட்டார்கள், அது நியாயம்தான். பக்கங்களின் படங்களையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் மகள் டேப்லெட்டில் எடுத்துக் கொடுத்தாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பார்த்தேன். சாப்பாட்டு நினைப்பே வரவில்லை.

1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் குளோஸ்டர் நகரில் சபை கூட்டி, நாட்டில் யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதிவிடுங்கள் என்று வில்லியம் உத்தரவு போட்டான். மறுவருஷமே கணக்கு வந்துவிட்டது. 13,000-க்கும் அதிகமான ஊர்கள், எல்லாம் ஆட்டுத்தோலில், லத்தீனில், பெரும்பகுதி ஒரே எழுத்தரின் கையில். ஜமாபந்திக்கு ஒரு ஃபிர்கா கணக்கைச் சரிபார்க்கவே நாங்கள் எத்தனை ராத்திரி கண்விழித்திருக்கிறோம்! அந்த எழுத்தரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஊருக்கு ஊர் பாதிரியாரையும் ஊர்க் காரியக்காரரையும் ஆறு குடியானவர்களையும் சத்தியம் வாங்கிக் கேட்டிருக்கிறார்கள். ஹரால்டுக்கு முன்னால் இருந்த எட்வர்ட் ராஜா காலத்தில் இது யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனை ஏர், எத்தனை ஆள், புல்வெளி எவ்வளவு, காடு எவ்வளவு, மாவு ஆலை உண்டா, அப்போது என்ன மதிப்பு, இப்போது என்ன மதிப்பு. கடைசியில் ஒரு கேள்வி வரும்: இதற்குமேல் கூட்டி வாங்க முடியுமா? வருவாய்த்துறையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், முன்னால் வந்த கேள்விகள் எல்லாமே இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான்.

நாளை போகப்போகிற லாக்ஸ்டன் கிராமத்தின் பதிவைத் தேடி எடுத்தேன். நாலைந்து வரிதான். முன்பு டோக்கி என்பவரிடம் இருந்தது. இப்போது ஜெஃப்ரி ஆல்சலின் கையில். ஜெஃப்ரியின் ஆள் வால்டருக்கு அங்கே 1 ஏர். 22 குடியானவர், 7 குடிசைக்காரர், இவர்களுக்குள் 5 ஏர். அடிமைகள் 5 பேர், அடிமைப் பெண் ஒருத்தி. புல்வெளி 40 ஏக்கர். எட்வர்ட் காலத்தில் மதிப்பு 9 பவுண்டு, இப்போது 6 பவுண்டு.

இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த அமைப்பு முழுவதும் இதற்குள் இருக்கிறது. மேலே ராஜா. ராஜாவிடம் நேராக வாங்கினவர் ஜெஃப்ரி. ஜெஃப்ரியிடம் வாங்கினவர் வால்டர், அவர் ஜெஃப்ரியின் "ஆள்". அதற்குக் கீழே 29 குடும்பம். ஓர் ஏர் என்றால் 8 மாடு என்று கணக்கு. 29 குடும்பத்துக்கு 40 மாடு, வால்டர் ஒருவருக்கு மட்டும் 8 மாடு. தனியாக ஒரு ஏர் பூட்டும் வசதி எந்தக் குடியானவனுக்கும் இல்லை, ஐந்தாறு வீடு சேர்ந்தால்தான் உழவு. டோக்கி என்ன ஆனார் என்று பதிவில் இல்லை. 20 வருஷத்துக்குள் இந்த நாட்டில் ராஜாவிடமிருந்து நேராகப் பெரிய நிலம் வைத்திருந்த ஆங்கிலேயர் இரண்டே பேர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு பெயர் மாற்றம் எழுத எங்களுக்கு அரை நிமிஷம் ஆகும், ஒரு வரி. ஒரு நாடே கைமாறியதும் இப்படி வரி வரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அரசியல் பக்கத்தில் இந்த ஏணிக்கு ஒரு பலவீனம் உண்டு. வால்டர் சத்தியம் செய்தது ஜெஃப்ரிக்கு. ஜெஃப்ரி ராஜாவை எதிர்த்தால் வால்டர் யார் பக்கம் போவான்? பிரான்சில் இந்தக் குழப்பம் நிறைய நடந்தது, சில பிரபுக்கள் ராஜாவைவிடப் பெரியவர்களாக இருந்தார்கள். வில்லியமுக்கு அது தெரியும், அவனே அப்படிப்பட்ட பிரபுவாக இருந்தவன்தானே. 1086 ஆகஸ்ட் 1 அன்று சால்ஸ்பரியில் முக்கியமான நிலக்காரர்கள் எல்லாரையும், அவர்கள் யாருடைய ஆளாக இருந்தாலும் சரி, தன்னிடம் நேராகச் சத்தியம் செய்ய வைத்தான். கணக்கெடுத்ததும் சத்தியம் வாங்கியதும் ஒரே வருஷம். அடுத்த வருஷம் செத்துப்போனான்.

மூன்றாம் நாள்: லாக்ஸ்டன்

மாப்பிள்ளை லீவு போட்டுக் காரில் கூட்டிக்கொண்டு போனார். ஏ1 சாலையில் வடக்கே மூன்று மணி நேரம், நாட்டிங்ஹாம்ஷயர். "மாமா, அங்கே வயலைத் தவிர ஒண்ணுமே இல்லையே" என்றார் வழியில். வயலைப் பார்க்கத்தான் போகிறோம் என்றேன்.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஊர்களில் இருந்த திறந்தவெளிச் சாகுபடி, இன்னும் ஊர் மன்றத்தோடு சேர்ந்து நடப்பது இங்கேதான். வேலி கிடையாது, வரப்பு கிடையாது. மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள். ஒவ்வொன்றும் நீள நீளமான பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு விவசாயிக்குப் பட்டைகள் ஒரே இடத்தில் இல்லை, மூன்று வயலிலும் சிதறிக் கிடக்கும். ஒரு வருஷம் ஒரு வயலில் கோதுமை, இன்னொன்றில் வசந்த காலத்தில் விதைக்கிற தானியம், மூன்றாவது தரிசு. அடுத்த வருஷம் சுற்றி வரும். பட்டைகளை ஏன் இப்படிச் சிதற விட்டார்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். நல்ல மண்ணும் களிமண்ணும் எல்லாருக்கும் பங்கு வரவேண்டும், ஒரு பக்கம் தண்ணீர் தேங்கினாலும் இன்னொரு பக்கம் பிழைக்கவேண்டும். நம் ஊரில் அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் மேட்டையும் பள்ளத்தையும் ஆளுக்குப் பாதி பிரிப்பது எதற்கு? அதே காரணம்தான்.

மே மாதம் என்பதால் கோதுமை பச்சைப் பசேலென்று நிற்கிறது. பாதை ஓரமாக நடந்தோம். இங்கேதான் பேரனின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. எட்டு மாடு பூட்டிய கனமான ஏர் திரும்புவது கஷ்டம், அதனால் எவ்வளவு தூரம் நேராக இழுக்க முடியுமோ அவ்வளவு தூரம் ஒரே சாலாக ஓட்டுவார்கள். அந்தச் சாலின் நீளம்தான் ஃபர்லாங், 220 கெஜம். வார்த்தையே 'சால் நீளம்' என்றுதான் பொருள்படும். 22 கெஜ அகலத்துக்கு அப்படி உழுதால் ஓர் ஏர் ஒரு நாள் செய்யும் வேலை முடிந்தது. அதுதான் ஏக்கர். 22 கெஜம் என்பது நாங்கள் நிலம் அளக்கப் பிடித்த சங்கிலியின் நீளம், பேரன் விளையாடும் கிரிக்கெட் பிட்சின் நீளமும் அதுவே. நான் ஆயுள் முழுக்க எழுதிய ஏக்கர் ஒரு பரப்பளவு என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதனும் எட்டு மாடும் உழைத்த ஒரு நாள். அந்த வயலோரத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டேன்.

இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் புரிகிறது. அந்தக் காலத்தில் குடியானவன் கொடுத்த வாடகை பெரும்பாலும் காசு இல்லை, நாள். வில்லெய்ன் என்று அவனுக்குப் பெயர், பண்ணை ஊரில் இருப்பவன் என்று அர்த்தம். (நம் சினிமா வில்லன் இந்தச் சொல்லிலிருந்துதான் வந்தான். ஊர்க்காரன், உழவன் என்ற சொல்லைக் கெட்டவன் என்று மாற்றியது யாராக இருக்கும்? எழுதத் தெரிந்தவர்கள்தான், நிலம் வைத்திருந்தவர்கள்தான். இது எனக்கு மனசை அறுத்தது.) நல்ல நிலையில் இருந்த வில்லெய்னுக்கு 30 ஏக்கர் போலப் பட்டைகள் இருக்கும். அதற்காக வாரத்தில் மூன்று நாள் போலப் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலி இல்லாமல் வேலை. ஊருக்கு ஊர் கூடும், குறையும். அறுவடைக் காலத்தில் அதற்குமேல் கூடுதல் நாட்கள், அப்போது மட்டும் சாப்பாடு போடுவார்கள். அறுவடை நேரத்தில் தன் பட்டையிலும் கதிர் முற்றியிருக்கும், மழை வரும்போல இருக்கும், ஆனால் முதலில் போகவேண்டியது அவர் நிலத்துக்கு. விவசாயம் தெரிந்தவர்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

அப்புறம் மற்றவை. மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குக் கட்டணம். குடும்பத் தலைவன் செத்தால் வீட்டில் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்கு, அடுத்த நல்ல மாட்டைப் பல ஊர்களில் கோயில் எடுத்துக்கொள்ளும். சாவு வீட்டிலிருந்து இரண்டு மாடு போனால் உழவு எப்படி நடக்கும்? ஊரை விட்டு வெளியே பிழைக்கப் போக அனுமதிக் காசு. தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்கவேண்டும், அரைத்ததில் ஒரு பங்கை அங்கேயே எடுத்துவிடுவார்கள். பிரபு மேல் வழக்குப் போட ராஜாவின் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, அவருடைய மன்றத்திலேதான் நிற்கவேண்டும். இவன் வில்லெய்னா சுதந்திரமானவனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு அக்காலச் சட்ட நூல் ஒன்று சொன்ன அடையாளம் இது: நாளைக் காலையில் என்ன வேலை என்று இன்று சாயங்காலம் தெரியாதவன் வில்லெய்ன். நாள் அவனுடையது இல்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் அவன் சந்தையில் விற்கப்படும் அடிமை இல்லை. டூம்ஸ்டேயில் தனியாக எழுதியிருந்த அந்த ஆறு அடிமைகளுக்கும் அவனுக்கும் வித்தியாசம் உண்டு. வழக்கமாகச் செய்யும் சேவையைச் செய்துவந்தால் பட்டையை விட்டு அவனைக் கிளப்புவது எளிதில்லை, அப்பனுக்குப் பின் மகனுக்கு வரும். ஊர் வழக்கம் என்ற ஒன்றைப் பிரபுவாலும் லேசில் மீற முடியாது, மீறினால் மன்றத்தில் ஊரே முணுமுணுக்கும். நகரத்துக்கு ஓடிப்போய் ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் விடுதலை என்ற வழக்கமும் பல நகரங்களில் இருந்தது.

லாக்ஸ்டனில் அந்த மன்றம் இன்னும் கூடுகிறது. நவம்பர் கடைசியில் விவசாயிகளில் ஒரு குழு கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வரும். யாராவது தன் பட்டையைத் தாண்டிப் பொதுப் புல்வெளியிலோ பாதையிலோ உழுதிருக்கிறார்களா என்று பார்த்து, எல்லையில் முளை அடித்துவிட்டு வரும். அடுத்த வாரம் மன்றத்தில் அபராதம். இதைக் கேட்டதும் எனக்குச் சொந்த ஊருக்குப் போன மாதிரி இருந்தது. என் வேலைக் காலத்தில் பாதி நேரம் வரப்பு வெட்டிய தகராறிலும் எல்லைக்கல்லைப் பிடுங்கிய தகராறிலும்தானே போனது! 1635-ல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரைப் பட்டை பட்டையாக அளந்து வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது, அதன் நகலைப் பார்த்தேன். வயலுக்குள் உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும்கூடக் குட்டிக் குட்டியாக வரைந்திருக்கிறார். எங்கள் புல வரைபடத்தில் ஒரு மனிதனை வரைந்திருந்தால் மேலதிகாரி கிழித்துப் போட்டிருப்பார்.

ஊருக்கு வடக்கே பிரபுவின் கோட்டை இருந்த மண் மேடு புல் மூடிக் கிடக்கிறது. மேலே ஏறினால் ஊரும் வயலும் தெரிகிறது. இங்கே நிற்பவனுக்கு யார் இன்று வேலைக்கு வந்தான், யார் வரவில்லை என்பது தெரிந்திருக்கும்.

நான்காம் நாள்: ரன்னிமீட்

முட்டி வலி. பேரனோடு கொஞ்ச நேரம் மட்டும் தேம்ஸ் கரையில் இந்தப் புல்வெளிக்குப் போய் வந்தேன். 1215 ஜூனில் ஜான் ராஜாவைப் பிரபுக்கள் மாக்னா கார்ட்டா என்ற மகா சாசனத்துக்கு ஒத்துக்கொள்ள வைத்த இடம். அமெரிக்க வழக்கறிஞர்கள் சங்கம் 1957-ல் வைத்த நினைவு மண்டபம் ஒன்று இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதை மக்கள் உரிமை என்று படித்தோம். பிரபுக்களுக்கு உண்மையில் வலித்தது வேறு. நிலம் சொந்தம் இல்லை என்பதால் அப்பா செத்தால் மகன் ராஜாவுக்குக் கட்டணம் கட்டித்தான் நிலத்தை எடுக்க முடியும். மகன் சின்னப் பையன் என்றால் அவன் ஆளாகும்வரை நிலத்து வருமானம் ராஜாவுக்கு, அவன் கல்யாண உரிமையையும் ராஜா விற்கலாம். விதவைகளையும் அப்படித்தான் ஏலம் போடாத குறையாக நடத்தினார்கள். போருக்கு 40 நாள் வருவதற்குப் பதில் காசு கட்டலாம் என்று கேடய வரி வந்தது, ஜான் அதை அடிக்கடி கேட்டான். நிக்கலஸ் டி ஸ்டட்வில் என்பவரிடம் 1205-ல் வாரிசுக் கட்டணமாக 10,000 மார்க் கேட்டான், அதாவது 6,666 பவுண்டுக்கு மேல். சாசனத்தின் இரண்டாவது விதி இதை 100 பவுண்டு என்று நிறுத்தியது. வால்டருக்கு ஜெஃப்ரி எப்படியோ ஜெஃப்ரிக்கு ராஜா அப்படி, ஏணியில் எல்லாருக்கும் தலைக்குமேல் ஒரு கால் இருந்தது.

சாசனத்தில் புகழ்பெற்ற விதி "எந்தச் சுதந்திர மனிதனையும்" என்று ஆரம்பிக்கும். லாக்ஸ்டனின் அந்த 29 குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அதற்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு என்று ஒரே ஒரு விதிதான் கண்ணில் பட்டது: அபராதம் போட்டாலும் வில்லெய்னின் உழவுச் சாமானை விட்டுவைக்கவேண்டும். உழவு நின்றால் பிரபுவுக்கும் சோறு இல்லையே.

ஐந்தாம் நாள்: செயின்ட் ஆல்பன்ஸ்

இன்று என் மனைவியும் வந்தாள். செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து இருபது நிமிஷம். ஊர் நடுவில் நீளமான பெரிய கோயில், ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரிய பணக்கார மடங்களில் ஒன்று. ஊரே மடத்துக்குச் சொந்தம்.

உள்ளே ஒரு பெரிய கடிகாரம் வைத்திருக்கிறார்கள், வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு என்ற மடாதிபதி வடிவமைத்ததன் மறு உருவாக்கம். சூரியன், சந்திரன், கிரகணம் எல்லாம் காட்டும். அவர் கொல்லர் மகன், சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர், தொழுநோயோடு இருந்துகொண்டு அவ்வளவு கணிதம் செய்தவர். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. அதே மனிதர்தான் 1331 வாக்கில் ஊர்க்காரர்கள் வீட்டில் வைத்திருந்த கைத்திருகைகளை எல்லாம் பறிமுதல் செய்தார். மடத்து ஆலையில் அரைக்காமல் வீட்டில் அரைத்தால் மடத்துக்குப் பங்கு போய்விடுமே. பறித்த திருகைக் கற்களை மடத்துப் பேச்சுக் கூடத்தில் தரைக்கல்லாகப் பதித்தார்கள். வழக்கில் தோற்ற ஊர்க்காரன் அங்கே வந்து நின்றால் தன் வீட்டுத் திருகைமேல்தான் நிற்கவேண்டும். கொல்லர் வீட்டில் பிறந்தவருக்கு இது எப்படி மனசு வந்தது?

அந்தக் கல் ஐம்பது வருஷம் அங்கேயே கிடந்தது. நடுவில் 1348-ல் கொள்ளைநோய் வந்து, மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் செத்தார்கள். நிலம் கிடக்கிறது, உழ ஆள் இல்லை. 'நாள்' என்ற சரக்கின் விலை ஏறிவிட்டது. பக்கத்து ஊரில் கூலி அதிகம் தருகிறான் என்றால் கிளம்பிவிடலாம். 1351-ல் நாடாளுமன்றம் நோய்க்கு முன்னால் இருந்த கூலிக்குமேல் யாரும் கேட்கக்கூடாது, கொடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அதன்மேல் பிரான்ஸ் சண்டைக்காகத் தலைவரி, மூன்றாவது தடவை 15 வயதுக்குமேல் தலைக்கு 12 பென்ஸ். 1381 ஜூனில் லண்டனுக்குப் பக்கத்து எசெக்ஸும் கென்டும் கலகத்தில் வெடித்தன. லண்டனுக்குள் புகுந்தவர்கள் 14 வயது ரிச்சர்டு ராஜாவிடம் கேட்டது, இனி யாரும் யாருக்கும் அடிமைச் சேவகம் செய்யக்கூடாது, நிலத்துக்கு ஏக்கருக்கு 4 பென்ஸ் காசாக வாடகை. நாளைத் திருப்பிக் கொடு, காசை வாங்கிக்கொள் என்றார்கள். ராஜா சரி என்று சொல்லிச் சாசனமும் எழுதித் தந்தான்.

இந்த ஊரில் வில்லியம் கிரிண்ட்காப் என்பவர் தலைமையில் மடத்துக்குள் போனார்கள். மடத்துக் காட்டில் வேட்டையாட உரிமை இல்லாமல் இருந்தவர்கள் ஓர் உயிருள்ள முயலைக் கம்பில் கட்டி ஊர் நடுவில் நட்டார்கள். பேச்சுக் கூடத்துக்குப் போய்த் தரையிலிருந்த திருகைக் கற்களைப் பெயர்த்து, உடைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆசீர்வதித்த ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பதுபோல ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கலகக்காரர்களை வெறுத்த மடத்துத் துறவி ஒருவரே இதை எழுதி வைத்திருக்கிறார், அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

அப்புறம் மடத்து ஆவணங்களைச் சந்தையில் போட்டு எரித்தார்கள். இங்கே மட்டும் இல்லை, எசெக்ஸ், கென்ட் என்று ஊர் ஊராகப் பிரபுவின் மன்றப் பதிவுகளை எழுதிய தோல் சுருள்களைத் தேடி எரித்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டார் என்ற கிழவி பல்கலைக்கழக ஆவணங்களின் சாம்பலை அள்ளிக் காற்றில் தூவியதாகச் சொல்கிறார்கள். இதைப் படித்தபோதெல்லாம் என் வயிறு கலங்கும். புயல் வெள்ளத்தில் அலுவலகத்துக்குள் தண்ணீர் வந்தபோது அ பதிவேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான். ஆனால் இங்கே நின்று யோசித்தால், அந்தச் சுருளில் என்ன இருந்தது? இன்னாருடைய அப்பன் வாரத்துக்கு மூன்று நாள் கடன்பட்டவன், இன்னாருடைய மகள் கல்யாணத்துக்குக் காசு கட்டினாள், அதனால் இவனும் வில்லெய்ன். அடிமைத்தனத்துக்கு அத்தாட்சி அந்தத் தோல்தான். என் பதிவேட்டில் ஒருவன் நாளும் எழுதப்படவில்லை என்பதால்தான் நான் அதைத் தலையில் தூக்கினேன். இருந்திருந்தால் தூக்கியிருக்கக் கூடாது.

ராஜா கொடுத்த வாக்கை ஒரு மாதத்துக்குள் திரும்பப் பெற்றான். நீங்கள் குடியடிமைகளாக இருந்தீர்கள், அப்படியே இருப்பீர்கள் என்று எசெக்ஸ்காரர்களிடம் சொன்னதாக அதே துறவி எழுதுகிறார். மடத்திடமிருந்து பறித்த சாசனங்களைத் திருப்பிக் கொடுக்கும்படி ஊர்க்காரர்களிடம் சொல் என்று கிரிண்ட்காபை ஜாமீனில் விட்டார்கள். அவர் வந்து, கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தூக்குக்குப் போனார். ஜூலை 15 அன்று ஜான் பால் என்ற பாதிரியாரையும் இதே ஊரில் கொன்றார்கள்.

ஆனாலும் உழ ஆள் இல்லை என்ற கணக்கை ராஜாவால் மாற்ற முடியவில்லை. அடுத்த நூறு வருஷத்துக்குள் வார வேலை கரைந்து காசு வாடகையாகிவிட்டது. வில்லெய்னின் பிள்ளைகள் மன்றச் சுருளில் தங்கள் வரியின் ஒரு நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள், அந்த நகலே நிலத்துக்குப் பத்திரம் ஆனது. அந்த நகல் பிடிமானம் சட்டத்திலிருந்து போனது 1926 ஜனவரி 1 அன்றுதான். எரித்த அதே சுருள், கொஞ்சம் பொறுத்து, அவர்களின் பட்டாவாக மாறியிருக்கிறது.

மடத்துக் கட்டடங்கள் 1539-ல் மடம் கலைக்கப்பட்ட பிறகு போய்விட்டன. பேச்சுக் கூடம் எங்கே இருந்திருக்கும் என்று கோயிலுக்குத் தெற்கே புல்வெளியில் நடந்து பார்த்தோம். ஒரு பெரிய வாசல் கட்டடம் மட்டும் நிற்கிறது, கலகக்காரர்கள் முட்டிய அதே வாசல். அவளுக்குத் திருகைக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"என்னங்க, அத்தை கேழ்வரகு அரைப்பாங்களே, அந்தத் திருகை எங்க இருக்குன்னு தெரியுமா?"

"கொல்லையில இருக்கும்."

"மேல்கல்ல உங்க தம்பி பின்வாசப்படிக்கு முன்னால பதிச்சு வச்சிருக்கான். மழைக்குச் சேறாகுதுன்னு. போன பொங்கலுக்கு நானே மிதிச்சு ஏறினேன்."

நான் அதைக் கவனித்ததே இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது நம் ஊரில் ராத்திரி ஆகிவிட்டிருந்தது, காலையில் தம்பிக்குப் போன் போடவேண்டும்.